எண்சுவடியும் எல்லைப்புறக் குழந்தையும்: தொடக்கக் கணிதச் சொற்களின் வரலாறு

கேரள மாநிலம் பாலக்காடு மாவட்டம் சித்தூர் வட்டத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி அமைந்துள்ள ஊர் கொழிஞ்சாம்பாறை. கொச்சி அரசின் பகுதியாக இருந்த சித்தூர், 1949இல் திருவிதாங்கூர்-கொச்சியிலும் 1956 நவம்பர் 1 முதல் கேரளத்திலும் இடம்பெற்றது. இப்பகுதியிலும் இடுக்கி மாவட்டத்தின் தேவிகுளம், பீருமேடு வட்டங்களிலும் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டோர் பலர் வாழ்கின்றனர். சிறுபான்மை மொழிக் குழந்தைகளுக்குத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் அளிக்க, 1956இல் சேர்க்கப்பட்ட அரசியலமைப்பின் 350அ பிரிவு வழிகாட்டுகிறது. கேரள அரசும் தமிழ்வழிக் கணிதப் பாடநூல்களை வெளியிட்டு வருகிறது. இந்நூல்களின் தமிழ், குழந்தை வீட்டில் கேட்கும் எண்ணுப்பெயர்களோடு எவ்வாறு உறவு கொள்ள வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வினா. அதற்கு விடை காண, தமிழ்க் குழந்தைகள் முன்பு கணிதம் கற்ற முறையை அறிதல் வேண்டும்.

1. திண்ணைப்பள்ளியில் எண்

சென்னை மாகாணக் கவர்னர் தாமஸ் மன்றோவின் 1826ஆம் ஆண்டு அறிக்கை, மாகாணத்தில் 12,498 பள்ளிகளும் 1,88,650 மாணவரும் இருந்ததாகக் குறிக்கிறது. தமிழ்ப் பகுதிகளில் இவை பெரும்பாலும் திண்ணைப்பள்ளிகள். மாணவர் மணலில் விரலால் எழுதிப் பழகிப் பின்னர் ஓலைக்குச் செல்வர். சென்னையில் பணியாற்றிய ஆண்ட்ரூ பெல், மணலில் எழுதும் முறையை ‘மலபார்’ பள்ளி ஒன்றில் கண்டு தம் பள்ளியில் மேற்கொண்டார். 1797இல் அது பற்றி நூலும் வெளியிட்டார். ‘மலபார்’ என்னும் சொல்லை அக்கால ஐரோப்பியர் தமிழுக்கும் வழங்கினர் என்பதை மொழியியலார் அறிவர்.

இப்பள்ளிகளின் கணித நூல் எண்சுவடி. அதன் பொன்னிலக்கம் முந்திரி முதலான பின்னங்களை ஏறுவரிசையில் கூட்டிச் செல்லும். நெல்லிலக்கம் முகத்தலளவையைக் கற்பிக்கும். பின்னர்ப் பெருக்கல் வாய்பாடுகள் வரும். சட்டாம்பிள்ளை முன்சொல்ல, ஏனையோர் பின்சொல்வர். இதனை வெறும் மனப்பாடம் என ஒதுக்குவது பொருந்தாது. நினைவாற்றலே இங்குக் கணக்கிடும் கருவியாக அமைந்தது என்பதைத் த. செந்தில்பாபுவின் ஆய்வுகள் விளக்கியுள்ளன.

2. சொல்லுக்குள் கணக்கு

எண்சுவடியின் பின்னப் பெயர்கள் பல, தம்முள்ளேயே ஒரு கணக்கைக் கொண்டவை. முக்கால் என்பது மூன்று கால். அரைக்கால் என்பது காலில் அரை, அதாவது 1/8. மா 1/20, காணி 1/80. இரண்டையும் கூட்டினால் 5/80, அதாவது 1/16 ஆகும். அதன் பெயர் மாகாணி. வீசம் என்பதும் அதுவே. காணியில் பாதி அரைக்காணி. அதில் பாதி முந்திரி, 1/320. ஆகவே இத்தொகைச்சொற்களில் சில பெருக்கலாலும் சில கூட்டலாலும் ஆனவை. ‘முக்காலே மூணு வீசம்’ என்னும் வழக்கு, 3/4உடன் 3/16ஐக் கூட்டிய 15/16 ஆகும். ஏறக்குறைய முழுமை என்னும் பொருளில் அது இன்றும் வழங்குகிறது.

கால், அரை, முக்கால், அரைக்கால், மாகாணி, மா, காணி, முந்திரி ஆகியவை மலையாளத்திற்கும் உரியவை. இவ்விரு மரபுகளின் பின்னக் குறியீடுகளும் ஒருங்குறியில் ஏறிவிட்டன: மலையாளக் குறிகள் 2008, 2016 ஆண்டுகளில், தமிழ்க் குறிகள் 2019இல்.

3. வீட்டு அளவை மாறியபோது

எண்சுவடிக் கல்வியின் வலிமை, பள்ளியின் சொல்லே வீட்டின் சொல்லாகவும் இருந்தமை. உழக்கு இரண்டு உரி, உரி இரண்டு நாழி என்பதைக் குழந்தை அடுப்படியிலேயே கண்டது. ரூபாய்க்குப் பதினாறு அணா இருந்தவரை வீசம் கையில் புழங்கும் காசாக இருந்தது. 1957 ஏப்ரல் 1இல் ரூபாய் நூறு காசாயிற்று. 1956ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி மெட்ரிக் அளவைகளும் படிப்படியாக நடைமுறைக்கு வந்தன. வணிகத்திற்கு இது பெருநன்மை. ஆயினும் பதினாறின் கூறுகளைக் குறித்த சொற்கள் பொருளிழந்தன. எஞ்சியவை கால், அரை, முக்கால். கால் கிலோவும் அரை லிட்டரும் இன்றும் குழந்தையின் காதில் விழுகின்றன.

எஞ்சிய மற்றொன்று பல்லாங்குழி. குழியில் நான்கு காய் சேர்ந்தால் அது ‘பசு’. கண்டவுடன் எடுத்துக்கொள்ள வேண்டும். எண்ணாமல் ஒரே பார்வையில் அறியக்கூடிய தொகை ஏறத்தாழ நான்கு வரையே என்று உளவியலார் கூறுவதை இவ்விளையாட்டு நாள்தோறும் பயிற்றுகிறது.

4. எண்ணுப்பெயரின் ஒழுங்கு

பதின்மூன்று என்னும் சொல்லில் பத்து முன்னும் மூன்று பின்னும் நிற்கின்றன. ஆங்கிலத்தில் இம்முறை தலைகீழ். ஆயினும் தமிழிலும் இடறல் உண்டு. ஒன்பது பத்தின் இனம்போலவும், தொண்ணூறு நூற்றின் இனம்போலவும், தொள்ளாயிரம் ஆயிரத்தின் இனம்போலவும் ஒலிக்கின்றன. தொல்காப்பியக் குற்றியலுகரப் புணரியல் இவற்றுக்குத் தனி விதி வகுத்தது. பரிபாடலில் ஒன்பதுக்குத் ‘தொண்டு’ என்னும் பெயரும் உண்டு. எண்பத்தொன்பதுக்குப் பின் குழந்தை தயங்கினால், அத்தயக்கம் சொல்லமைப்பிலிருந்தும் எழலாம். அறிவுக்குறை என உடனே முடிவு செய்தல் ஆகாது.

ஆன் டௌக்கரும் உடனாய்வாளரும் 2008இல் வெளியிட்ட ஆய்வு இங்குக் கருதத்தக்கது. இங்கிலாந்தில் தமிழும் ஆங்கிலமும் பேசும் குழந்தைகள், ஆங்கிலம் மட்டும் பேசுவோரைவிட ஒரு தரப்படுத்திய கணிதத் தேர்வில் மேம்பட்டனர். ஈரிலக்க எண்களை ஒப்பிடுவதில் வேறுபாடு காணப்படவில்லை. சொல்லொழுங்கு உதவலாம், அதுவே போதுமானதன்று.

5. மொழிபெயர்ப்பாளர் முன் உள்ள பணி

எல்லைப்புறப் பாடநூலில் இருவகை இடர்கள் எழக்கூடும். முதலாவது, உருவம் ஒத்துப் பொருள் வேறான சொற்கள். மலையாள ‘எண்ணம்’ தமிழில் எண்ணிக்கை. தமிழ் ‘எண்ணம்’ நினைவைக் குறிக்கும். ‘ஸ்தானவில’ தமிழில் இடமதிப்பு. ‘வில’ என்பதைக் கேட்கும் தமிழ்க் குழந்தைக்குக் கடை விலையே நினைவுக்கு வரும். இரண்டாவது, தெரிந்த சொல்லைத் தவிர்த்தல். ‘நான்கில் ஒன்று’ பகுத்தலைத் தெளிவாகக் காட்டும்; ‘கால்’ அதைக் காட்டாது, ஆனால் குழந்தைக்கு முன்பே தெரியும். ஆதலின் ‘கால்’ என்பதில் தொடங்கி ‘நான்கில் ஒன்று’ என விளக்குவதே முறை. அரைக்காலை மீண்டும் அறிமுகம் செய்தால், பின்னத்தின் பின்னம் என்னும் கடினமான கருத்து ஒரே சொல்லில் கைகூடும். மலையாளம் பேசும் அண்டைவீட்டுக் குழந்தைக்கும் அச்சொல் அயலன்று.

மறைந்த அளவைகளை மீட்பது இயலாது; தேவையும் இல்லை. வீட்டுச் சொல்லுக்கும் பள்ளிச் சொல்லுக்கும் இடையே எண்சுவடி காத்த இணைப்பை மீண்டும் உருவாக்குவது இயலும். கொழிஞ்சாம்பாறைக் குழந்தைக்கு அதைச் செய்து தர வேண்டியவருள் கணித ஆசிரியருக்கு அடுத்தவர் மொழிபெயர்ப்பாளரே.