வீங்கிய பேட்டரியும் குப்பைத் தொட்டியும்: ஆபத்தைச் சுமப்பவர் யார்?

செல்பேசியின் பேட்டரி வீங்கினால் அதைக் கழற்றிக் குப்பையில் எறிவதே பலரது வழக்கம். எறிந்தவருக்கு அத்துடன் கவலை தீர்கிறது. கடலூர் மாநகராட்சியிலும் சிதம்பரம் நகராட்சியிலும் அக்குப்பையை அள்ளும் தூய்மைப் பணியாளருக்கு ஆபத்து அங்கேதான் தொடங்குகிறது. ஒன்றிய அரசின் ‘நமஸ்தே’ திட்டத்தில் 2024 வரை சரிபார்க்கப்பட்ட கழிவுநீர், மலக்குழிப் பணியாளர் சுமார் 38,000 பேரில் 68.9 விழுக்காட்டினர் பட்டியல் சாதியினர். கழிவகற்றும் உழைப்பு யார் மீது சுமத்தப்பட்டுள்ளது என்பதை இக்கணக்கு காட்டுகிறது. ஆகவே பேட்டரிப் பாதுகாப்பை உழைப்போரின் உயிருரிமைச் சிக்கலாக நாம் அணுகுகிறோம்.

ஏன் வீங்குகிறது?

லித்தியம் அயனி பேட்டரிக்குள் எளிதில் எரியும் திரவம் உள்ளது. முதுமை, வெப்பம், மிகை மின்னேற்றம், அடிபடுதல் ஆகியவற்றால் அது சிதைந்து வாயுவாக மாற, உறை உப்புகிறது. இரு மின்முனைகளையும் பிரிக்கும் மெல்லிய படலம் கிழிந்தால் உள்ளேயே குறுக்குச்சுற்று நேர்ந்து, வெப்பம் கட்டுக்கடங்காமல் ஏறித் தீப்பற்றும். ஹைட்ரஜன் புளோரைடு போன்ற நச்சு வாயுக்களும் வெளியேறும். 2022 மார்ச்சில் வேலூரில் மின்னேற்றத்தில் இருந்த மின்ஸ்கூட்டர் தீப்பற்றியதில் தந்தையும் மகளும் புகையில் மூச்சுத்திணறி இறந்தனர். குப்பை வண்டியின் அழுத்தமோ காயலான் கடையின் சுத்தியலோ அப்படலத்தைக் கிழிக்கப் போதும்.

வெள்ளத்துக்குப் பின்

2011இல் தானே புயல், 2015இல் பெருமழை, 2024இல் ஃபெஞ்சல் புயல் எனக் கடலூர் மாவட்டம் மீண்டும் மீண்டும் பாதிக்கப்பட்டது. உப்புநீர் மின்சாரத்தைக் கடத்துவதால், நனைந்த பேட்டரி நாள்கள் கழித்தும் தீப்பற்றக்கூடும். 2022இல் இயான் புயலுக்குப் பின் அமெரிக்காவின் புளோரிடாவில் கடல்நீரில் மூழ்கிய மின்வாகனங்கள் அவ்வாறே எரிந்தன. வெள்ளக் கழிவை அகற்ற இறக்கப்படுவோருக்கு இதைச் சொல்லித்தருவது நிர்வாகத்தின் கடமை.

சட்டம் என்ன சொல்கிறது?

2001ஆம் ஆண்டு விதிகள் ஈய-அமில பேட்டரிகளுக்கு மட்டுமே பொருந்தின. 2022 ஆகஸ்டில் வந்த பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள் எல்லா வகைகளையும் உள்ளடக்குகின்றன. கழிவு பேட்டரிகளைத் திரட்டி மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பு உற்பத்தியாளருடையது. வீட்டுக்குப்பையில் கலக்காமல் தனியே ஒப்படைப்பது நுகர்வோரின் கடமை.

குறைபாடுள்ள பொருளால் தீங்கு நேர்ந்தால் 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 6ஆம் அத்தியாயப்படி இழப்பீடு கோரலாம். ஒப்பந்தப் பணியாளர் காயமுற்றால், ஒப்பந்ததாரரைக் காட்டி உள்ளாட்சி அமைப்பு ஒதுங்கிவிட முடியாது. முதன்மை வேலையளிப்பவரும் இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்பதை 1923ஆம் ஆண்டு இழப்பீட்டுச் சட்டத்தின் 12ஆம் பிரிவே வகுத்தது. 2020ஆம் ஆண்டு சமூகப் பாதுகாப்புத் தொகுப்பும் அக்கோட்பாட்டைத் தொடர்கிறது.

செய்ய வேண்டியவை

- வீங்கிய பேட்டரியை மின்னேற்றாதீர்கள், அழுத்தாதீர்கள், துளையிடாதீர்கள்.
- கழற்றக்கூடியதாயின் முனைகளை நாடாவால் ஒட்டி, உலர்மணல் நிரப்பிய உலோக வாளியில், மூடாமல், வீட்டுக்கு வெளியே வையுங்கள்.
- சேகரிப்பு மையத்திலோ பழுதுநீக்கு மையத்திலோ, வீங்கியது எனச் சொல்லியே ஒப்படையுங்கள்.
- தீப்பற்றினால் விலகி நின்று 101ஐ அழையுங்கள். அணைந்தபின்னும் மீண்டும் எரியக்கூடும்.

கடலூர், சிதம்பரம் கல்லூரி மாணவர்கள் 2005ஆம் ஆண்டு தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் தத்தம் உள்ளாட்சியிடம் மூன்று கேள்விகளை எழுப்பலாம்: பேட்டரிக் கழிவைப் பிரித்துப் பெறும் இடம் எது? ஒப்பந்தப் பணியாளர் எத்தனை பேருக்குக் கையுறையும் காலணியும் வழங்கப்பட்டன? கடந்த 3 ஆண்டுகளில் பணியிடக் காயத்துக்கு எவ்வளவு இழப்பீடு அளிக்கப்பட்டது? எழுத்தில் வரும் விடை, பின்னர் வழக்காடும் தொழிலாளிக்குச் சான்றாக நிற்கும்.