பல் மருத்துவ ஒப்புதலும் ஆவணமும் (கோலார் தங்கவயல்)

பல் எடுத்தல், வேர்ச் சிகிச்சை முதலியவற்றுக்கு முன், அவற்றின் நோக்கம், நேரக்கூடிய தீங்கு, மாற்று வழி, செலவு ஆகியவற்றைக் கேட்டறிந்து நோயாளி இசைந்ததற்குச் சான்றாகும் தாள் ஒப்புதல் படிவம் எனப்படும்; அதனுடன் கேஸ் ஷீட்டும் எக்ஸ்ரேயும் சேர்ந்ததே நோயாளியின் ஆவணம். 1880 முதல் ஜான் டெய்லர் நிறுவனம் நடத்திய தங்கச் சுரங்கங்களுக்கு வட ஆர்க்காடு முதலிய பகுதிகளிலிருந்து வந்து குடியேறிய தமிழர்களின் வழியினர் மிகுந்துள்ள கர்நாடகத்தின் கோலார் தங்கவயலில், பி.இ.எம்.எல். நகரில் பல் மருத்துவக் கல்லூரி ஒன்றும் இயங்குவதால், நோயாளி படிக்கும் மொழியில் படிவம் இருப்பது இன்றியமையாதது. கோலார் மாவட்ட நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுந்த இடங்கள் உண்டு. ஆகவே அதனால் பல்லில் முன்பே ஏற்பட்டிருக்கும் பழுப்புக் கறையைச் சிகிச்சைக்கு முன் குறித்துவைப்பது பின்னர் எழும் தகராறைத் தவிர்க்கும்.

ஆவணத்தின் உயிர்நாடி பல் எண் குறியீடே. வியன்னாவின் ஜிக்மாண்டி 1861இல் சிலுவைக் கோடு வரைந்து வாயை நான்கு பாகமாக்கி, ஒவ்வொன்றிலும் நடுப்பல் தொடங்கி 1 முதல் 8 வரை எண்ணிட்டார். அமெரிக்கரான பால்மர் 1870இல் ஏறத்தாழ அதே முறையை வெளியிட்டார். இக்கோடுகள் தட்டச்சுக்கு ஒத்துவராதவை. உலகப் பல் மருத்துவக் கூட்டமைப்பு 1970இல் ஏற்ற ஈரிலக்க முறையில் மேல் வலம் 1, மேல் இடம் 2, கீழ் இடம் 3, கீழ் வலம் 4 என்று பாக எண் முன்னே நிற்க, கீழ் இடப்புற முதல் கடைவாய்ப்பல் 36 ஆகிறது. பாற்பற்களின் பாகங்கள் 5 முதல் 8 வரை எண் பெறும். வலமும் இடமும் நோயாளியுடையவை, எதிரே நிற்கும் மருத்துவருக்கு அவை மாறித் தெரியும். 36 என்பதை 46 என எழுதினால் நல்ல பல் போய்விடும். பழைய முறை இன்னும் வழக்கில் இருப்பினும் ஈரிலக்க முறையே தெளிவானது.

ஒப்புதலின் சட்ட அடிப்படையை உச்ச நீதிமன்றம் 2008 ஜனவரி 16 அன்று சமீரா கோலி வழக்கில் வகுத்தது: பரிசோதனைக்குத் தந்த ஒப்புதல் அறுவைக்குச் செல்லாது, உயிருக்கு ஆபத்தான அவசரமே விதிவிலக்கு. பல் மருத்துவத்துக்கும் இது பொருந்தும். கீழ் ஞானப்பல்லை எடுக்கையில் நரம்பு பாதிக்கப்பட்டு உதடு மரத்துப்போகக்கூடும் என்பதைப் படிவத்தில் தனியே எழுதுவதே முறை. ‘எல்லாச் சிகிச்சைக்கும் சம்மதம்’ என்னும் பொதுவரி எவ்வகையிலும் போதாது. சிறாருக்குப் பெற்றோர் கையொப்பமிடுவர். இந்தியப் பல் மருத்துவக் கவுன்சிலின் 2014ஆம் ஆண்டு நெறிமுறைகள் ஆவணங்களைக் குறைந்தது மூன்றாண்டு பாதுகாக்கக் கூறுகின்றன.

அக்கவுன்சிலின் இடத்தில் ஆணையம் அமைக்க வகைசெய்யும் தேசியப் பல் மருத்துவ ஆணையச் சட்டம் 2023இல் நிறைவேறியது. ஆவணங்களைக் கணினியில் பதிவதும் பரவிவருகிறது.