பொடியாகப் போன உறைமோர்

டென்மார்க்கில் 1890 வாக்கில் வில்ஹெல்ம் ஸ்டோர்க், வெண்ணெய்க்கான பாலேட்டைப் புளிக்க வைக்கிற பாக்டீரியாவைத் தனியாப் பிரித்தெடுத்தார். சரி, அதை அடுத்த ஊருக்கு எப்படி அனுப்புறது? திரவமாவே வெச்சிருந்தா, தான் உண்டாக்கின அமிலத்திலேயே அது செத்துப்போகும்.

அதனால உலர்த்திப் பார்த்தாங்க. சூட்டில் பெரும்பாலானவை செத்துடும். மிஞ்சினதைப் பாலில் மாற்றி மாற்றி வளர்த்துத்தான் தேற்ற முடிந்தது.

இரண்டாம் உலகப் போரில் ரத்தப் பிளாஸ்மாவைப் பாதுகாக்கப் பெரிய அளவில் பயன்பட்ட ஒரு முறை, பிறகு இந்தத் தொழிலுக்கும் வந்தது: உறைய வைத்து, வெற்றிடத்தில் பனியை நேரடியாக ஆவியாக்குறது. சூடு இல்லை. ஆனா பனிப்படிகம் செல்லின் சவ்வைச் சிதைக்கும். கொழுப்பு நீக்கிய பாலும் சர்க்கரையும் சேர்க்கிறது அதுக்காகத்தான்.

என்னைக் கேட்டா, உண்மையான சோதனை அதுக்கப்புறம்தான், பொட்டலத்துக்குள்ளே. ஈரம், ஆக்சிஜன், வெப்பம் சேர்ந்தா சவ்விலுள்ள கொழுப்பு கெடும். பழைய எண்ணெயில் சிக்கு வாடை வருமே, அந்த மாதிரி. எல்லா பாக்டீரியாவும் ஒரே மாதிரி தாங்காது. யோகர்ட்டுக்கு ரெண்டு வேணும். அதில் தெர்மோபிலஸ் ஓரளவு தாங்கும், பல்காரிகஸ் முந்திச் சாகும். பொடியைப் பார்த்தா வித்தியாசம் தெரியாது. பால்கூட உறைஞ்சிடும். யோகர்ட்டுக்கே உரிய அந்த மணம்தான் குறைஞ்சிருக்கும்.