'என் கையெழுத்தே இல்லீங்க!': நிபுணர் அறிக்கை கோர்ட்டில் எடுபடுமா?

"இது நான் போட்ட கையெழுத்தே இல்லீங்க!" செக் மோசடி, போலி பத்திரம், உயில் தகராறு என கோர்ட் படியேறும் பல வழக்குகளில் முதலில் எழும் குரல் இதுதான். உடனே எல்லோரும் கையெழுத்து நிபுணரைத்தான் நம்புகிறார்கள். ஆனால் அந்த அறிக்கை ஒன்றை வைத்தே கேஸ் ஜெயித்துவிடும் என்று நினைத்தால் சிக்கல்தான்.

எப்படி கண்டுபிடிக்கிறார்கள்?

சந்தேகக் கையெழுத்தை, அந்த நபர் போட்டது உறுதியான கையெழுத்துகளுடன் பூதக்கண்ணாடி, மைக்ரோஸ்கோப் மூலம் ஒப்பிடுவார்கள். சாய்வு, பேனா அழுத்தம், வேகம், கோடு தொடங்கி முடியும் விதம் எல்லாம் பார்க்கப்படும். பார்த்து வரைந்ததில் கோடு நடுங்கும். தேவையில்லாத இடத்தில் பேனாவை தூக்கி வைத்த தடம் இருக்கும். யாருக்கும் இரண்டு கையெழுத்து அச்சு அசலாக ஒன்று போல் வராது. அப்படி வந்தால் அதுவே சந்தேகத்துக்கு இடம்!

எங்கே சறுக்குகிறது?

முதுமை, நோய், அவசரம் ஆகியவற்றால் ஒருவரின் கையெழுத்தே மாறிவிடும். ஜெராக்ஸ் காப்பியில் பேனா அழுத்தம் சரியாகத் தெரியாது. சும்மா ஒரு கிறுக்கல் என்றால் ஒப்பிடவே விஷயம் இருக்காது.

86 நிபுணர்களை வைத்து நடத்தப்பட்ட ஒரு அமெரிக்க ஆய்வு 2022-ல் வெளியானது. வேறு வேறு ஆட்கள் எழுதியதை ஒரே ஆள் எழுதியது என்று தவறாக சொன்னது 3.1 சதவீதம். இரட்டையர்கள் எழுதியதில் இந்த தவறு 8.7 சதவீதமாக எகிறியது.

சட்டம் என்ன சொல்கிறது?

முன்பு இந்திய சாட்சியச் சட்டம் 45-வது பிரிவு. 2024 ஜூலை 1 முதல் பாரதிய சாக்ஷ்ய அதினியம் 39-வது பிரிவு. இரண்டிலும் நிபுணர் சொல்வது 'கருத்து'தான், தீர்ப்பு அல்ல. அதை மட்டும் நம்பி தண்டிப்பது ஆபத்து என்று 1977-ல் சுப்ரீம் கோர்ட் எச்சரித்தது. காரணங்கள் தெளிவாக இருந்து, சந்தேகத்துக்கு இடமில்லை என்றால் ஏற்கலாம் என்று 1979-ல் கூறியது. நீதிபதியே நேரடியாக ஒப்பிட்டுப் பார்க்கவும் சட்டத்தில் இடம் உண்டு.

என்ன செய்யலாம்?

தகராறு வந்த பிறகு போட்டுக் கொடுக்கும் மாதிரி கையெழுத்து மட்டும் போதாது. அதே காலகட்டத்தில் போட்ட பேங்க் பாரம், பழைய பத்திரம் போன்றவற்றின் ஒரிஜினல்களை தேடி எடுப்பது நல்லது. கையெழுத்து போட்டதை கண்ணால் பார்த்த சாட்சியும், சார்பதிவாளர் ஆபீசில் வைத்த விரல் ரேகையும் இருந்தால் கேசுக்கு கூடுதல் பலம்.