பத்து மாத வெற்றியும் ஒரு மாதத் தோல்வியும்: 1768-இல் காவிரிக்கரைச் சமவெளி

ஜேடர்பாளையம் என்றதும் நம்மில் பலருக்கு நினைவில் எழுவது காவிரியின் குறுக்கே கட்டப்பட்ட பழைய அணையும், அங்கிருந்து பரமத்தி, வேலூர், மோகனூர் வயல்களுக்கு நீர் கொண்டு செல்லும் ராஜவாய்க்காலும், அவற்றை அமைத்தவராக மக்கள் போற்றும் அல்லாள இளைய நாயகரும்தாம். நீரின் வரலாறு இந்த ஊரோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஆனால் இவ்வூரைச் சுற்றியுள்ள சமவெளி ஒரே ஆண்டில் இருமுறை கைமாறியதை நாம் பெரும்பாலும் பேசுவதில்லை. முதலாம் மைசூர்ப் போர் என்றதும் சென்னை வாசலுக்கு ஹைதர் அலி குதிரைப்படையோடு வந்து நின்ற காட்சிக்குத் தாவிவிடுகிறோம். அந்தக் காட்சியைச் சாத்தியமாக்கிய களம் சேலத்துக்கும் நாமக்கல்லுக்கும் ஈரோட்டுக்கும் கரூருக்கும் இடைப்பட்ட இந்த நிலமே.

1767 செப்டம்பரில் திருவண்ணாமலைப் போரில் ஹைதரும் நிஜாமும் சேர்ந்து ஆங்கிலத் தளபதி ஜோசப் ஸ்மித்திடம் தோற்றனர். 1768 பிப்ரவரியில் நிஜாம் அணி மாறிக் கும்பினியோடு உடன்படிக்கை செய்துகொண்டார். ஹைதர் தனித்து விடப்பட்டார். மேற்குக் கடற்கரையிலும் பம்பாய்ப் படை தலையெடுத்ததால் அவர் அங்கே விரைய நேர்ந்தது. இந்த இடைவெளியில்தான் சென்னை அரசு தன் படையை இரண்டாகப் பிரித்தது. ஸ்மித் பாரமகாலிலும் அதற்கு மேலுள்ள மலைநாட்டிலும் செயல்பட, கர்னல் உட் தெற்கே அனுப்பப்பட்டார்.

உட்டின் படையெடுப்பு எதிர்ப்பின்றி நடந்த உலா போன்றது. பிப்ரவரியில் தென்கரைக்கோட்டை, அதைத் தொடர்ந்து தருமபுரி, சேலம், ஆத்தூர், நாமக்கல், பின் காவிரியைக் கடந்து ஈரோடு, கோயம்புத்தூர், திண்டுக்கல், பாலக்காடு என ஆகஸ்ட் தொடக்கத்துக்குள் கோட்டைகள் ஒவ்வொன்றாக வீழ்ந்தன. சென்னையில் பட்டியல் நீள நீள மகிழ்ச்சி பெருகியிருக்க வேண்டும். பிடித்த ஒவ்வொரு கோட்டையிலும் ஒரு சிறு காவற்படை நிறுத்தப்பட்டது. சில இடங்களில் ஓர் அதிகாரியும் சில சிப்பாய்க் கம்பெனிகளும், சில இடங்களில் நவாப் முகமது அலியின் ஆட்களும் இருந்தனர்.

பிழை இங்கேதான் விதைக்கப்பட்டது என்று நாம் கருதுகிறோம். ஒரு கோட்டையின் வலிமை அதன் மதிலில் மட்டும் இல்லை. முற்றுகைக்கு உள்ளானால் மீட்க வரும் ஒரு நடமாடும் படை அருகில் இருக்கிறது என்ற நம்பிக்கையில்தான் அது நிற்கிறது. நாமக்கல் குன்றின் மேல் உள்ள கோட்டையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அங்கே நிற்பவன் பத்துக் கல் தொலைவைப் பார்க்கலாம். ஆனால் கீழே நகரும் படையைத் தடுக்க இயலாது. உட் தம் படையை விதைநெல்லைப் போலச் சமவெளியெங்கும் தூவிவிட்டு, எஞ்சியதோடு ஸ்மித்துக்குத் துணையாக மேலே போய்விட்டார். மலைக்கணவாய்களிலும் காவிரித் துறைகளிலும் ஒரு பெரும்படையை எதிர்க்க எவரும் இல்லை.

இரண்டாவது பிழை அரசியல் சார்ந்தது. 1768 செப்டம்பரில் ஹைதர் சமாதானம் பேசினார். பாரமகாலை விட்டுக்கொடுப்பதாகவும் பத்து லட்சம் ரூபாய் தருவதாகவும் சொன்னார். பட்டியலின் நீளத்தில் மயங்கியிருந்த சென்னை அரசு அதை ஏற்கவில்லை. அந்த அரசு தன் பிரதிநிதிகளையும் படையோடு அனுப்பியிருந்தது. தளபதியின் முடிவுகளில் அவர்கள் குறுக்கிட்டனர். நவாபும் உடன் இருந்தார். ஒரு படைக்குப் பல தலைகள். எதிர்ப்பக்கத்தில் ஒரே தலை.

அக்டோபர் 4 அன்று முளபாகலில் உட் ஹைதரிடம் ஏறத்தாழத் தோற்று, ஸ்மித் வந்துவிட்டார் என்று எழுப்பிய பொய் ஆரவாரத்தால் தப்பினார். நவம்பரில் ஸ்மித் சென்னைக்கு அழைக்கப்பட, தலைமை உட்டிடம் வந்தது. பாகலூரில் பீரங்கிகளையும் தளவாடங்களையும் இழந்து அவர் அவமானப்பட்டார். அதே நேரத்தில் ஹைதரின் தளபதி பஸலுல்லா கான் ஸ்ரீரங்கப்பட்டணத்திலிருந்து புறப்பட்டுக் கசல்ஹட்டி, காவேரிபுரம் கணவாய்கள் வழியே கோவை நாட்டில் இறங்கினார். மேலே எதிரியைக் கட்டிப்போட்டுவிட்டுக் கீழே வெற்றிடத்தில் இறங்குவது என்ற ஹைதரின் கணக்கு அப்போது தெளிவாயிற்று.

டிசம்பரில் ஹைதரே பாரமகாலில் இறங்கினார். தருமபுரி, தென்கரைக்கோட்டை, ஓமலூர், சேலம், நாமக்கல், கரூர் என அவர் மீட்ட வரிசையைப் படித்தால், உட்டின் வெற்றிப் பட்டியலையே வேகம் கூட்டி மீண்டும் வாசிப்பது போல இருக்கும். பின்தொடர அனுப்பப்பட்ட மேஜர் பிட்ஸ்ஜெரால்டு உணவுத் தட்டுப்பாடும் திருச்சியைக் காக்க வேண்டிய கவலையும் இழுக்க, எட்டவே இல்லை.

ஜேடர்பாளையத்துக்கு அக்கரையில், கரூருக்கும் ஈரோட்டுக்கும் இடையில், கேப்டன் நிக்சனின் சிறு படை ஹைதரின் முழுச் சேனையின் எதிரில் அகப்பட்டது. சுமார் 50 ஐரோப்பியரும் 200 சிப்பாய்களும். அவர்கள் கலையவில்லை. எதிரி மிக அருகில் வரும்வரை காத்திருந்து சுட்டார்கள். பின் குதிரைப்படை மூடியது. காயமின்றி எஞ்சியவர் ஒரே ஒரு லெப்டினன்ட் என்று மார்க் வில்க்ஸ் எழுதுகிறார். அந்த 200 சிப்பாய்களின் பெயர்களை எவரும் எழுதி வைக்கவில்லை. தொடர்ந்து ஈரோட்டின் கேப்டன் ஆர்ட்டன் பேச்சுவார்த்தைக்கென வெளியே வந்து பிடிபட்டார், கோட்டை சரணடைந்தது. முன்பு போரிடேன் என்று வாக்களித்து விடுபட்ட ராபின்சன் என்ற அதிகாரி அங்கே பணியில் இருந்ததை ஹைதர் தம் வாக்கை மீறக் காரணமாகக் காட்டினார். இரு தரப்பிலும் சொல் மலிந்து போயிருந்தது.

1769 மார்ச் இறுதியில் ஹைதர் ஆறாயிரம் குதிரை வீரரோடு பரங்கிமலையை அடைந்தார். ஏப்ரல் தொடக்கத்தில் உடன்படிக்கை கையெழுத்தானது. பிடித்தவற்றைப் பரஸ்பரம் திருப்பித் தருவது. கரூர் மட்டும் ஹைதருக்கு.

தளபதிகளின் வரலாறு இங்கே முடிந்துவிடுகிறது. ஆனால் ஒரு படை நடந்துபோவது என்றால் அதன் குதிரைகளும் மாடுகளும் தின்றாக வேண்டும். டிசம்பர் இறுதி என்பது இச்சமவெளியில் சம்பா கதிர் முற்றும் காலம். மேலிருந்து இறங்கிய சேனைக்கும் அதைத் துரத்திய சேனைக்கும் தீனி இந்த வயல்களும் களஞ்சியங்களுமே. உட் வென்றபோதும் குடியானவன் ஒரு தரப்புக்குத் தானியம் அளந்தான்; ஹைதர் மீட்டபோது மறு தரப்புக்கு அளந்தான். 1792-இல் இந்நாடு கும்பினிக்கு நிலையாகக் கைமாறி, அலெக்சாண்டர் ரீடும் தாமஸ் மன்றோவும் நிலத்தை அளக்க வந்தபோது, மூன்றாம் முறையாக அவனிடமே கணக்குக் கேட்கப்பட்டது.

கோட்டைகளைப் பிடிப்பதும் நாட்டைப் பிடிப்பதும் ஒன்றல்ல என்பது 1768 போர்க்கலைக்குச் சொல்லும் பாடம். நமக்கு அது சொல்வது வேறு. நாமக்கல் கோட்டைக்கு ஏறுகிறவர்கள் ஒருமுறை தென்மேற்கே, காவிரியின் பக்கம் திரும்பிப் பார்க்கலாம். பத்து மாத வெற்றி ஒரு மாதத்தில் கரைந்த வழி அங்கேதான் கிடக்கிறது. அந்த வழி நெடுகிலும் இருந்தவை வயல்கள்.