பழைய நெய்யும் வசம்பும்: வலிப்பு மருத்துவத்தின் வரலாறு

உத்திரமேரூர் என்றாலே குடவோலைக் கல்வெட்டுதான் பேச்சில் வரும். அந்த ஊருக்கு வடக்கே, பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் திருமுக்கூடலில், வெங்கடேசப் பெருமாள் கோயில் சுவரில் இருக்கும் கல்வெட்டை அறிந்தவர்கள் குறைவு. வீரராசேந்திர சோழன் காலத்தது, ஏறத்தாழ 1068. கோயில் பணியாளர்களுக்கும் அங்கே தங்கிப் படித்த மாணவர்களுக்கும் 15 படுக்கைகளோடு ‘வீரசோழன்’ என்னும் ஆதுலர்சாலை, அதாவது மருத்துவமனை, நடந்ததை அது விவரிக்கிறது. மருத்துவர் ஒருவர், அறுவை செய்பவர் ஒருவர், மூலிகையும் விறகும் கொண்டுவந்து மருந்து காய்ச்ச இருவர், நோயாளிகளைக் கவனிக்கப் பெண்கள் இருவர். ஊதிய நெல்லுக்குக் கணக்கு உண்டு. இரவு விளக்கின் எண்ணெய்கூட விடுபடவில்லை.

சாலையில் இருப்பு வைத்த சுமார் 20 மருந்துகளின் பட்டியலும் அதில் உள்ளது. அவற்றுள் ஒன்று புராணகிருதம், அதாவது பழைய நெய். எந்த மருந்து எந்த நோய்க்கு என்று கல்வெட்டு பிரித்துச் சொல்வதில்லை. வைத்திய நூல்கள் சொல்கின்றன. மயக்கம், அபஸ்மாரம் முதலியவற்றுக்குப் பழைய நெய் ஆகும் என்கிறது அஷ்டாங்க ஹிருதயம். அபஸ்மாரம் என்பது வலிப்புதான். பிரமிச் சாறு, வசம்பு, கோஷ்டம், சங்கபுஷ்பி ஆகியவற்றைப் பழைய நெய்யில் காய்ச்சும் முறை சரக சங்கிதையில் வருகிறது. பத்தாண்டு வைத்த நெய்க்குக் கடும் நெடியும் அரக்கு நிறமும் இருக்கும் என்று அடையாளமும் சொல்கிறது. அதைக் குடிக்கவைப்பதே பாதி வைத்தியமாக இருந்திருக்கும்!

தமிழில் இந்நோய்க்கு முயலகன் என்றும் பெயர். கொல்லி மழவன் மகளுக்கு வந்த முயலக நோயைத் திருஞானசம்பந்தர் திருப்பாச்சிலாச்சிராமத்தில் பதிகம் பாடித் தீர்த்ததாகப் பெரியபுராணம் கூறும். பதிகம் ஒரு பக்கம், மருந்து ஒரு பக்கம் என்று மக்கள் பிரித்துப் பார்க்கவில்லை.

கிராமத்து வீடுகளில் கைக்கு எட்டியது வசம்புதான். ‘பிள்ளை வளர்ப்பான்’ என்பார்கள். விளக்கில் சுட்டுக் கரியாக்கி, தாய்ப்பாலில் உரைத்துக் குழந்தையின் நாக்கில் தடவுவார்கள். வளையலாகக் கோத்துக் கையிலும் கட்டுவார்கள். இழுப்பு கண்ட பிள்ளைக்குப் பேய்மிரட்டி இலைச் சாறும் கொடுத்தார்கள். காய்ச்சலில் வரும் இழுப்பு பெரும்பாலும் சில நிமிடங்களில் தானே நின்றுவிடும்; பெயர் மருந்துக்குப் போகும். வலிப்பு வந்த பெரியவர்களின் கையில் திணிக்கும் இரும்புச் சாவிக்குப் பெயர் கிடைத்ததும் இதே கணக்கில்தான். வசம்பில் உள்ள அசரோன் என்னும் வேதிப்பொருள் விலங்குகளுக்குப் புற்றுநோய் உண்டாக்கியதால், 1968இல் அமெரிக்கா வசம்பை உணவில் சேர்க்கத் தடை விதித்தது.

ஐரோப்பியர் மட்டும் வேறு வழியில் போய்விடவில்லை. வலிப்பு வந்த சிறுவனின் கழுத்தில் பியோனி வேரைக் கட்டிப் பார்த்தார் பண்டைய மருத்துவர் கேலன். வலேரியன் வேரால் தன் வலிப்பு குணமானதாக 1592இல் எழுதினார் இத்தாலியரான ஃபாபியோ கொலோன்னா. அந்த வேரில் உள்ள வலேரிக் அமிலத்தின் உறவான வால்புரோயிக் அமிலம் 1882இல் ஆய்வகத்தில் உருவானது. வேறு மருந்துகளைக் கரைக்கப் பயன்பட்ட அது வலிப்பை அடக்கும் என்பது 1960களின் தொடக்கத்தில் பிரான்சில் தற்செயலாகத் தெரியவந்தது. இன்று உலகெங்கும் தரப்படும் வலிப்பு மருந்துகளுள் அதுவும் ஒன்று. கல்கத்தாவில் மருத்துவர் ஓ’ஷானெஸ்ஸி 1840 வாக்கில் கஞ்சாச் சாற்றைப் பச்சைக்குழந்தையின் இழுப்புக்குக் கொடுத்தார். கஞ்சாவிலிருந்து எடுத்த கன்னபிடயாலுக்கு வலிப்பு மருந்தாக 2018இல்தான் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது.

திருமுக்கூடலுக்கு மேற்கே வேலூர் மாவட்டத்தில் ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டோரிடம் நடந்த கணக்கெடுப்பு 2006இல் வெளியானது. ஆயிரத்தில் ஏறத்தாழ 4 பேருக்கு வலிப்பு. அவர்களில் மூன்றில் ஒரு பங்கினருக்கு மூளையில் நாடாப்புழுவின் இளம்புழுக் கட்டிகள். அசுத்தமான உணவு வழியே முட்டையாக உள்ளே போன புழு அது. வாதம், பித்தம், கபம் என்று பிரித்தறிந்த நூல்களுக்கு இந்தக் காரணம் தெரிந்திருக்க வழியில்லை.

மாத்திரையோடு மூலிகையையும் சேர்த்துச் சாப்பிடுபவர்கள் உண்டு. ‘அது வெறும் கஷாயம்தானே’ என்று மருத்துவரிடம் சொல்லவும் மாட்டார்கள். மும்பையில், பீனிட்டோயின் என்னும் வலிப்பு மாத்திரையைச் சாப்பிட்டுவந்த இருவருக்குக் கட்டுக்குள் இருந்த வலிப்பு மீண்டும் வந்தது. இருவரும் சங்கபுஷ்பி சேர்ந்த ஆயுர்வேத மருந்தையும் எடுத்திருந்தார்கள். எலிகளுக்கு இரண்டையும் சேர்த்துத் தொடர்ந்து கொடுத்துப் பார்த்தபோது இரத்தத்தில் பீனிட்டோயினின் அளவு குறைந்தது. 1992இல் அந்த ஆய்வு வெளியானது.