அங்கீகாரம்

தன் அங்கமாக்கிக்கொள்ளுதல் என்பதே இவ்வடசொல்லின் வேர்ப்பொருள். உடன்படுதல், ஏற்றுக்கொள்ளுதல் என வழங்கிவந்தது, பின்னர் அரசாணைச் சொல்லாக இறுகியது. குன்னத்தூர், திருப்பூர்ப் பக்கம் பி.எட். சேர விரும்புவோர் ‘அங்கீகாரம் உண்டா?’ என்று கேட்கையில், அச்சொல் மூன்று வெவ்வேறு காரியங்களைச் சுமக்கிறது. 1993ஆம் ஆண்டுச் சட்டப்படி தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம் தரும் அனுமதியே சட்டம் சொல்லும் அங்கீகாரம். அது இல்லாத கல்லூரியைப் பல்கலைக்கழகம் சேர்த்துக்கொள்ள முடியாது. 2008இல் உருவான தமிழ்நாடு ஆசிரியர் கல்வியியல் பல்கலைக்கழகம் தருவது இணைவு. உறுப்பாக்குதல் என்ற பழம்பொருளுக்கு உண்மையில் நெருங்கி நிற்பது இதுதான்! ‘நாக்’ எனும் தர மதிப்பீட்டு அமைப்பு தருவதோ தரச்சான்று. கல்லூரி நடத்தும் உரிமம் அன்று. விளம்பரங்கள் மூன்றையும் ஒன்றாக்குவது மாணவரைக் குழப்பும். முதலாவதற்கு ‘ஏற்பு’ என்பதே போதும். ‘ஒப்புதல்’ கோப்பில் இடும் கையெழுத்தையே நினைவூட்டுகிறது.